மார்கழி நண்பகல்

ஆண்டில் பகல் மிகக் குறுகும் நாள் டிசம்பர் 21 அல்லது 22. அன்று நண்பகல் பன்னிரண்டு மணி கடந்து ஏழெட்டு நிமிடங்களில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வெட்டவெளி ஒன்றில் ஐந்தடி உயரமுள்ள ஒருவர் நின்றால் அவருடைய நிழல் நான்கடியைக்கூட எட்டாது. அதே நாளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அதே உயரமுள்ளவர் நின்றால், மேகமற்ற வானம் வாய்த்தாலும், நிழல் பத்தொன்பது அடி நீண்டு கிடக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்று பாகையில் இருக்கும் நம் ஊருக்கும் ஐம்பத்திரண்டு பாகையில் இருக்கும் அந்த ஊருக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு நிழல்களில் அடங்கியிருக்கிறது.

நிழலை அளந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. எலும்புக்கு உரம் தரும் உயிர்ச்சத்து ‘டி’, அதாவது வைட்டமின் டி, பெரும்பாலும் உணவிலிருந்து வருவதன்று. நம் தோலிலேயே விளைவது. கதிரவன் ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களில் ‘பி’ வகை தோலில் பட்டால்தான் அது விளையும். கதிரவன் தாழ்வாக இருக்கும்போது ஒளி வளிமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வர வேண்டியிருப்பதால் அந்தக் கதிர்கள் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரமே அவை போதிய அளவில் நம்மை வந்தடையும் நேரம். கருவி வேண்டாத கணக்கு இது. ஆவடியில் மார்கழியின் மிகக் குறுகிய பகலிலும் காலை ஏறத்தாழ பத்தரை மணியிலிருந்து பிற்பகல் ஒன்றே முக்கால் வரை நிழல் ஆளைவிடக் குட்டையாகவே இருக்கிறது. ஆண்டின் மிக மெலிந்த நாளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வானம் இதை இலவசமாகப் பொழிகிறது. அப்படியிருந்தும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மருத்துவரைத் தேடி வருவோர் சொல்லும் முறையீடுகளில் கை கால் உளைச்சலும் இடுப்புக் கடுப்பும் குதிகால் குடைச்சலும் முன்வரிசையில் நிற்கின்றன. அவை எல்லாம் இந்தக் குறையால் வந்தவை என்று சொல்வது பிழை. இந்தக் குறைக்கு அவற்றில் பங்கே இல்லை என்று தள்ளுவது அதைவிடப் பெரிய பிழை.

பட்டரவாக்கம் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு வந்து நிற்கும் மின்தொடர் வண்டியிலிருந்து இறங்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டவர்கள். கையில் இரண்டடுக்குத் தூக்குப் பாத்திரம், தோளில் பை, பனிக்குத் தலையைச் சுற்றிய துப்பட்டா. ஏழு மணிக்கெல்லாம் தையல் கூடத்திலோ பாகங்களைக் கோக்கும் மேசையிலோ அமர்ந்துவிடுவார்கள். கூரை தகரம்; ஒளி குழல்விளக்கு. மதிய உணவு அதே கட்டடத்தின் ஓர் ஓரத்தில். மாலையில் வெளியே வரும்போது நிழலே இராது, அதற்குள் இருட்டியிருக்கும். அவர்களில் நாற்பதைத் தொட்ட ஒருவர் நடைமேம்பாலத்தின் படியேறும்போது கவனித்தால் தெரியும். ஒரு கை கைப்பிடியில். மற்றக் கை தொடையை அழுத்தி உடலை மேலே தள்ளும். தரையில் அமர்ந்தவர் எழும்போதும் அதே கைத்தாங்கல். “சத்து இல்லை” என்று அவரே சொல்லிக்கொள்வார்; ஊரில் மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டு விட்டுவிடுவார். தொடையிலும் இடுப்பிலும் தசை தளர்ந்து படியேறவும் எழவும் முடியாமற்போவது, உயிர்ச்சத்து ‘டி’ நெடுநாள் குறைந்த உடலின் பழைய அடையாளங்களுள் ஒன்று.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தோலில் உருவான சத்து முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றுச் செயல்படும் வடிவை அடைகிறது. குடலில் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி எடுக்கும் வேலைக்கு அது இன்றியமையாதது. அது குறைந்தால், உண்ட சுண்ணாம்பு உடலில் ஒட்டாது கழிகிறது. இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவு இறங்கிவிடக் கூடாதே என்று உடல் தன் எலும்பைத் தானே கரைத்துக் கொடுக்கிறது. குழந்தைக்கு இது நேர்ந்தால் கால் வளைகிறது. வளர்ந்தவர்க்கு நேர்ந்தால் எலும்பு மென்மையாகி உளைகிறது. கால்சியம் மாத்திரையை மட்டும் விழுங்கியவருக்குப் பலன் தெரியாமற்போவதற்கு இதுவே காரணமாகலாம். கிணற்றில் நீர் ஊற்றிப் பயனில்லை, மேலே இழுக்கும் கயிறு அறுந்திருந்தால்.

மக்களிடம் வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இங்கே மறுத்தாக வேண்டும். “இளவெயில் நல்லது, உச்சி வெயில் ஆகாது” என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வாக்கு. சித்திரையிலும் கத்திரியிலும் அது உயிர்காக்கும் அறிவுரை; அதில் ஐயமில்லை. ஆனால் எலும்புக்கான சத்தைப் பொறுத்தமட்டில் இளவெயில் ஏமாற்றிவிடுகிறது. காலை ஆறரைக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடப்பவருக்கு இதயத்துக்கு நலம் கிட்டும், மனத்துக்கு அமைதி கிட்டும், ஏரியில் கூழைக்கடா நீந்தும் காட்சியும் கிட்டும். உயிர்ச்சத்து ‘டி’ கிட்டுவது மிகச் சொற்பம். அவர் நிழல் அப்போது தென்னை மர நீளம். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து வெயில் காய்வதும் அப்படியே. வெப்பம் உள்ளே வரும், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருநிறத் தோலுக்கு இயற்கை தந்த நிறமி புற்றிலிருந்து காக்கும் கவசம். அதே கவசம் சத்து விளைவதையும் தாமதப்படுத்துகிறது. வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடம் போதும் என்று அயல்நாட்டு நூல் சொன்னால், நமக்கு அதைப்போல் மூன்று மடங்கேனும் வேண்டியிருக்கும் என்று கொள்ள வேண்டும்.

திருப்பதி நமக்கு நூறு கல் தொலைவுக்குள் இருக்கிறது. ஏறக்குறைய நம்முடைய பாகையிலேயே இருக்கிறது. அங்கே மருத்துவர் சி.வி. அரிநாராயண் குழுவினர் ஆண்டுமுழுதும் வெயிலை அளந்து பார்த்ததில், காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே சத்து விளைவதற்கு உகந்தது என்று கண்டனர். அதே குழுவினர் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைப்பது. அப்பகுதி நகரத்தாரையும் வயலில் உழைக்கும் கிராமத்தாரையும் ஒப்பிட்டதில் கிராமத்தாரின் நிலை ஓரளவு மேலாக இருந்தது. ஆயினும் பெண்களில் பெரும்பாலோர், ஊரானாலும் நகரானாலும், குறைவுடையவர்களாகவே காணப்பட்டனர். வெயில் ஒன்றே; அது படும் உடல்கள் வேறு வேறு.

தில்லியில் 2000ஆம் ஆண்டு அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவும் இதையே காட்டிற்று. குளிர்காலத்தில் வெட்டவெளியில் பயிற்சி செய்த படைவீரர்களின் உயிர்ச்சத்து ‘டி’ அளவு, மருத்துவமனைக்குள் பணியாற்றிய மருத்துவர், செவிலியர் அளவைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆவடிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. ஒரே ஊரில், மதிலுக்கு ஒருபுறம் அணிவகுப்புத் திடலில் நிற்கும் காவலரும் வீரரும். மறுபுறம் கூடத்துக்குள் எந்திரத்தோடு நிற்கும் தொழிலாளியும் குளிரூட்டிய அறையில் கணினியோடு இருக்கும் பட்டதாரியும். ஒரே வானத்தின்கீழ் இரண்டு வகை எலும்பு.

இன்னும் பின்னோக்கிப் போனால், 1922இல் ஹட்சிசனும் ஷாவும் நாசிக் பகுதியில் செய்த ஆய்வு நிற்கிறது. கால் வளைவு நோய் ஏழைக் குழந்தைகளிடம் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். கண்டது நேர்மாறு. நல்ல உணவு உண்டு வீட்டுக்குள் அடைபட்டு வளர்ந்த வசதியான குடும்பத்துப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் நோய் இருந்தது. கூழுக்கும் வழியின்றி வயலோரம் விளையாடிய குழந்தைகளை அது தீண்டவில்லை. அந்நாளில் ஏழைக்கு எஞ்சியிருந்த ஒரே செல்வம் வெயில்.

அந்தச் செல்வம்தான் இன்று கைநழுவியிருக்கிறது. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றிற்று. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல் விழுந்தது. அறுபதுகளிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. வயலும் ஏரியுமாய்க் கிடந்த மேற்குப் புறநகர் ஒரு தலைமுறைக்குள் உழைப்பாளர் நகரமாயிற்று. அந்த மாற்றம் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூலியையும் வீட்டையும் பள்ளியையும் பங்கிடுவது பற்றிப் பேசிய எவரும், ஒருநாள் வெயிலையும் பங்கிட வேண்டிவரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அது எல்லார்க்கும் எப்போதும் இருக்கும் என்றே நம்பினார்கள். இன்று வசதியுள்ளவர் வெயிலைத் தாமே தவிர்க்கிறார். வசதியற்றவருக்கோ அது கிட்டுவதே இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சற்றே நின்று பேச வேண்டும். “வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய்” என்ற சொல் கேளாமல் இவ்வூர்களில் ஒரு பெண் வளர்ந்திருப்பாளா? பள்ளிக்குப் போகும்போது குடை. கல்லூரிக்கு வண்டியில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கண் மட்டும் தெரியும் துணி, முழங்கை வரை நீண்ட கையுறை. உடற்பயிற்சி வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்பு முழுவதையும் கூரையடியில் கழிக்கிறாள். பெண் பார்க்க வருவோர் நிறத்தைக் கேட்கிறார்கள். எலும்பைக் கேட்பவர் எவருமில்லை. இளமையில் எலும்பு சேர்த்துக்கொள்ளும் உரம்தான் முதுமைக்கு வைப்பு நிதி. முப்பது வயதுக்குள் அது ஏறக்குறைய உச்சத்தை எட்டிவிடும். பிறகு பிள்ளைப்பேறும் பாலூட்டலும் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்றபின் எலும்புப்புரையும் தொடை எலும்பு முறிவும் வந்து நிற்கும்போது, இந்தக் கதை எப்போது தொடங்கியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மகளைக் கறுக்காமல் காத்ததாக எண்ணிய தாய், அவளுடைய முதுமைக்கான கடனை அவள் பெயரிலேயே எழுதிவைக்கிறாள். இதைச் சொல்வதற்கு நமக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

குளிர்காலம் உண்மையிலேயே ஒருவரின் வெயிலைப் பறித்துக்கொண்டதற்கு நம் நினைவில் ஒரு தமிழர் இருக்கிறார். 1887 டிசம்பர் 22இல், பகல் குறுகும் அதே நாளில் பிறந்த கணிதமேதை இராமானுசன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். முதல் உலகப்போரின் தட்டுப்பாடு, கடுமையான சைவ உணவு நியமம், நீண்ட இருள், அறைக்குள் அடைந்த உழைப்பு எல்லாம் சேர்ந்து அவர் உடலை உருக்கின. 1917இல் நோய் முற்றி நலவிடுதிகளில் சேர்க்கப்பட்டார். அவற்றுள் ஒன்று மெண்டிப் குன்றுகளில் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர் நடத்திவந்தது. இராமானுசனுக்கு வந்தது காசநோயா வேறொன்றா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வெயிலும் தக்க உணவும் இன்றி உயிர்ச்சத்துக் குறைந்ததும் உடல் நலிவுக்கு ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு. 1919இல் தாயகம் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அதே சௌரி முத்து பின்னர் தமிழகம் வந்து 1928இல் தாம்பரத்தை அடுத்துக் காசநோய் நலவிடுதி ஒன்றை நிறுவினார். திறந்த வெளியும் தூய காற்றும் வெயிலும் காசத்தை ஆற்றும் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. ‘சானடோரியம்’ என்ற இரயில் நிலையப் பெயரில் அந்த நம்பிக்கை இன்றும் நிற்கிறது. ஆனால் 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நலவிடுதியில் காற்றும் ஓய்வும் நல்லுணவும் பெற்ற நோயாளிகளும், நெருக்கமான வீட்டில் வறுமையோடு இருந்துகொண்டே மருந்தை ஒழுங்காக உட்கொண்ட நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர். உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய சென்னையின் சாதனை அது. அண்மையில், 2015இல், மருந்தோடு உயிர்ச்சத்து ‘டி’யையும் சேர்த்து இந்தியக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்விலும், சளியிலிருந்து கிருமி நீங்கும் காலம் விரைவுபடவில்லை.

இதைச் சொல்வது வெயிலின் பெருமையைக் குறைக்க அன்று. ஒன்றை நன்று என்று கண்டால் அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடும் ஆவல் நமக்கு மிகுதி. உயிர்ச்சத்து ‘டி’ இன்று அந்த ஆவலின் பிடியில் இருக்கிறது. இதயத்துக்கும் புற்றுக்கும் நல்லது என்றார்கள். அமெரிக்காவில் இருபத்தையாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானபோது, நாள்தோறும் அதை உட்கொண்டவர்க்கும் உட்கொள்ளாதவர்க்கும் மாரடைப்பிலும் புற்றுநோய் வருவதிலும் வேறுபாடு தெரியவில்லை. சளி, காய்ச்சலைத் தடுக்கும் என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நம்பிக்கை தந்தார்கள். பின்வந்த பெருந்தொகுப்பில் அந்தப் பயன் கரைந்து மெலிந்தது. குறைந்தவர்க்கு நிரப்பினால் எலும்புக்கும் தசைக்கும் நலம். நிறைந்தவர்க்கு மேலும் ஊற்றினால் வழிந்தோடும். சில வேளை கேடும் செய்யும்.

அக்கேடு கற்பனை அன்று. ஆத்திரேலியாவில் மூத்த பெண்டிர்க்கு ஆண்டுக்கொரு முறை ஐந்து இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவில், அதை உட்கொண்டவர்களே மிகுதியாக விழுந்தார்கள், அவர்களுக்கே மிகுதியாக எலும்பு முறிந்தது. இங்கே ஆறு இலட்சம் அலகு ஊசியை, “ஒரு சத்து ஊசி போடுங்க டாக்டர்” என்று தாமே கேட்டுப் போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். வாரம் ஒன்றாக, மருத்துவர் வரையறுத்த சில வாரங்களுக்கு மட்டும் உட்கொள்ள வேண்டிய அறுபதாயிரம் அலகுப் பொடியை நாள்தோறும் கலக்கிக் குடித்துச் சிறுநீரகம் பழுதுபட்டு வருவோரும் இருக்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வகுத்த நாளளவு 600 அலகு. நாளொன்றுக்கு 4000க்கு மேல் தாமாக உட்கொள்ளலாகாது. வெயிலில் விளையும் சத்துக்கு இந்த அச்சம் இல்லை. அளவு நிறைந்ததும் தோல் மிகுதியை வேறு பொருளாக மாற்றி ஒதுக்கிவிடும். வெயிலால் எவருக்கும் இந்தச் சத்து மிகைப்பட்டு நஞ்சானதில்லை.

முழுவுடல் பரிசோதனைப் பொதியில் இந்தச் சோதனையையும் சேர்த்து விற்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. நலமாக இருப்பவர் எல்லார்க்கும் இதை வழக்கமாகச் சோதிக்கத் தேவையில்லை என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் 2024இல் வழிகாட்டியிருக்கிறது. எலும்பு உளைச்சலும் தசைத்தளர்ச்சியும் உடையவர், வலிப்புக்கு நெடுநாள் மருந்து உட்கொள்பவர், சிறுநீரக நோயாளர், வீட்டைவிட்டு வெளிவராத மூத்தோர் ஆகியோர்க்கு மருத்துவர் சொன்னால் சோதிப்பது முறை. ஆயிரம் ரூபாயை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுக் குறைவு என்ற சீட்டோடு திரும்பும் தையல் தொழிலாளிக்கு, அடுத்த நாளும் அதே ஏழு மணி, அதே தகரக் கூரை. சீட்டு எதையும் மாற்றாது.

இங்கேதான் நம் குளிர்காலத்தின் அருமையை உணர வேண்டும். ஐரோப்பியர்க்குக் குளிர்காலம் வெயிற்பஞ்சக் காலம். அவர்கள் நூல்களைப் படித்துவிட்டு நாமும் அப்படியே பேசுகிறோம். நமக்கு வெயில் குன்றும் காலம் வேறு. ஐப்பசியில் அடைமழை தொடங்கிக் கார்த்திகை முடியும்வரை வாரக்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் கொண்டுவந்த வெள்ளம் வடிய இப்பகுதித் தெருக்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் கொசுவும் தேங்கிய நீரும் தரும் காய்ச்சல்களுக்கு உயிர்ச்சத்து ‘டி’ அரண் ஆகாது. டெங்குவுக்குத் தொட்டியையும் மொட்டைமாடித் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்ப்பதும், எலிக்காய்ச்சலுக்கு வெறுங்காலோடு சேற்றில் இறங்காதிருப்பதும், மூத்தோர்க்கு இன்புளுயன்சா தடுப்பூசியுமே அரண். மழை ஓய்ந்து மார்கழி பிறந்தபின் நிலை வேறு. வானம் தெளிகிறது; நண்பகல் வெப்பம் முப்பது பாகைக்குள் நிற்கிறது. சித்திரையில் பத்து நிமிடம் நிற்க முடியாத அதே நண்பகலில் மார்கழியிலும் தையிலும் மாசியிலும் அரைமணி நேரம் ஒருவர் இடர்ப்படாமல் நிற்கலாம், நடக்கலாம். தோலில் விளைந்த சத்து கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் பயன்தரும் இயல்புடையது. ஆகவே நம் குளிர்காலம்தான் வெயிலைச் சேர்த்துவைக்கும் அறுவடைக் காலம். அதில் ஒருநாள் மட்டும் நாமே வானத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்: போகியன்று வட்டையையும் நெகிழியையும் கொளுத்திக் காலைப் பொழுதையே கரும்புகையாக்குகிறோம். புகை சூழ்ந்த தில்லித் தெருக்களில் வாழும் கைக்குழந்தைகளின் உயிர்ச்சத்து ‘டி’ அளவு, தூய காற்றுள்ள பகுதிக் குழந்தைகளின் அளவில் பாதிக்கும் குறைவு என்று 2002இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

உணவால் ஆவதும் உண்டு. மத்தியும் கானாங்கெளுத்தியும் இச்சத்துள்ள மீன்கள், விலையும் எளியது. முட்டையின் மஞ்சட்கருவில் நாற்பது அலகளவு கிட்டும். பள்ளிச் சத்துணவு முட்டையை மஞ்சள் பிடிக்காது என்று பிள்ளை ஒதுக்காமல் பார்த்துக்கொள்வது தாயின் வேலை. நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பையைத் திருப்பிப் பாருங்கள். ஏ, டி உயிர்ச்சத்துகள் சேர்த்துச் செறிவூட்டியது என்று அச்சிட்டிருக்கும். அதை விளக்கேற்ற மட்டும் வைத்துக்கொண்டு சமையலுக்கு வேறு எண்ணெய் வாங்குவோர் கவனிக்க. அம்பத்தூரிலேயே பால்பண்ணை வைத்திருக்கும் ஆவின், ஊதா நிறப் பையில் விற்கும் பசும்பாலிலும் இச்சத்துகளைச் சேர்க்கிறது. சுண்ணாம்புக்குக் கேழ்வரகைவிடச் சிறந்த தானியம் நமக்கு இல்லை. நூறு கிராமில் முந்நூற்றைம்பது மில்லிகிராம் அளவு. மாவைப் புளிக்கவைத்துக் கூழாக்கும் முறையில், சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு விடாத பொருள்களும் குறைகின்றன. பூந்தமல்லிச் சாலையோரத்துக் கூழ்வண்டியை ஏழையின் உணவு என்று ஒதுக்கிப் போகிறவர், பெட்டியில் அடைத்த சத்துமாவுக்குப் பத்து மடங்கு கொடுக்கிறார்.

ஆனால் உணவால் மட்டும் இந்தப் பள்ளம் நிரம்பாது. நாளின் மையத்தில் வெயிலுக்கு ஓர் இடம் வேண்டும். அதைத் தனியொருவரின் ஒழுக்கத்துக்கு விட்டுவிட முடியாது. ஐந்து மணி நேர உழைப்புக்குள் அரைமணி நேர ஓய்வு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அந்த அரைமணி எங்கே கழிகிறது என்பதே நம் வினா. கைகழுவும் வரிசையிலும் உணவுக்கூடத்தின் நெருக்கத்திலும் கழிகிறது. அம்பத்தூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளின் ஆலை உரிமையாளர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: மார்கழி முதல் மாசி வரையேனும் இடைவேளையைப் பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் வையுங்கள். அதை முக்கால் மணியாக்குங்கள். மதிலுக்குள் ஒரு திறந்த முற்றத்தில் நாலு பலகை போடுங்கள். முகமும் முன்னங்கையும் வெயிலில் பட அரைமணி நேரம், வாரத்தில் சில நாள் கிட்டினாலும் பெரும்பாலோர்க்கு அது பயன்தரும். வெயில் பட்டாலே தோல் தடித்துச் சிவப்பவரும், வெயில் ஆகாது என்று மருத்துவரால் சொல்லப்பட்டவரும் மட்டும் விலகியிருக்கட்டும். கடைகளில் நாள்முழுதும் நின்றே உழைத்த ஊழியர்களுக்கு அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. நிற்கும் காலின் வலியைச் சட்டமன்றம் கேட்டது. கூரைக்குள் கரையும் எலும்பின் வலியையும் அது கேட்கும் என்று நம்புகிறோம்.

பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் சொல்ல ஒன்றுண்டு. உடற்பயிற்சி வேளையை முதல் மணியிலும் கடைசி மணியிலும் வைக்காமல், இந்த மூன்று மாதங்களில் உணவு இடைவேளைக்கு முன்பாக வையுங்கள். அதைத் தேர்வுக்காகப் பிடுங்காதீர்கள். ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் சென்னை மாநகராட்சியும் தத்தம் பூங்காக்களில் எதுவும் நண்பகலில் பூட்டிக் கிடவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாகச் செல்லும் பெண்கள், மூத்தோரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம்: “தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, பாட்டி?” முடியவில்லை என்பவரை மருத்துவரிடம் அனுப்பி வைக்கலாம். இதற்குக் கருவியும் வேண்டாம், தொகையும் வேண்டாம்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செங்குன்றத்துக்கு அப்பால், நாயன்மார் வரலாற்றில் வரும் சங்கிலியார் பிறந்த ஊர் என்று போற்றப்படும் ஊரின் பெயரே ஞாயிறு. கதிரவன் வழிபட்ட தலம் என்று மக்கள் அங்கே வண்டி கட்டிச் செல்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும், ஒன்றையொன்று முட்டி நிற்கும் வீடுகளில், பகலிலும் விளக்கெரியும் கீழ்த்தளத்து ஓரறையில் குடியிருப்பவர்கள். அந்தக் கட்டடத்தில் வெயில் விழும் இடம் மொட்டைமாடி ஒன்றுதான். அதற்கு இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி மேல்தளத்து உரிமையாளர் வீட்டில். ஒரு காலத்தில் மிளகாயும் வடகமும் காயவைக்கப் போன சாக்கில் பெண்களுக்கு அங்கே வெயில் கிடைத்தது. இப்போது துணி உலர்த்துவதற்குக்கூடக் கீழேயே கொடி கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் வேண்டும் என்பது நமக்கும் தெரியும். பச்சிளங்குழந்தையோடு கீழ்வீட்டில் இருக்கும் பெண்ணும், கால் ஊன்ற முடியாத அவள் மாமியாரும் பதினொன்று முதல் ஒன்றுவரை மேலே வந்து அமர்ந்தால் தொட்டிக்கு ஒன்றும் நேராது. மார்கழி பிறக்குமுன் அந்தச் சாவியை உள்ளே வைத்துக்கொள்ளாமல், மாடிப்படி ஓரத்து ஆணியில் எல்லார் கைக்கும் எட்டும்படி மாட்டிவையுங்கள்.